பதினாயிரம் காவலாளிகள் தேவை!

முகூர்த்த நாளில் சமையற்காரர் கிடைப்பது எவ்வளவு துர்லபம் என்பதைப் பெண்ணைப் பெற்றவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆடி, மார்கழியென்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பரிசாரகருக்கு, ஒரே நாளில் பத்து வீடுகளிலிருந்து ஆள் வந்துவிடுகிறது. ஒரு கல்யாணத்துக்கே இந்தப் பாடு என்றால், பதினேழு நாள் நடக்கும் உலகப் பந்தயத் திருவிழாவுக்கு ஆள் சேர்ப்பது எப்படியிருக்கும்? 2012-ம் வருஷம் ஜூலை மாதத்தில் லண்டன் மாநகரம் அதைத் தெரிந்துகொண்டது.

அவ்வருஷத்து ஒலிம்பிக் பந்தயங்கள் ஜூலை 27-ந் தேதி ஆரம்பமாக வேண்டும். மைதான வாயில்களில் நின்று வருவோரைச் சோதித்து உள்ளே விடும் வேலையை ஜி-ஃபோர்-எஸ் என்னும் பெரிய கம்பெனி குத்தகைக்கு எடுத்திருந்தது. 2010 டிஸம்பரில் உடன்படிக்கை ஏற்பட்டபோது 2,000 பேர் போதும் என்று நினைத்தார்கள். ஒரு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தால் 10,400 பேர் தேவை என்று தெரிந்தது. குத்தகைத் தொகையும் 28 கோடியே 40 லட்சம் பவுனாக உயர்ந்தது. கம்பெனிக்குப் பரம சந்தோஷம்.

வேலைக்கு மனுப் போட்டவர்களுக்குக் குறைவே இல்லை. லட்சம் பேருக்கு மேல். பிறகு என்ன கஷ்டம் என்று நேயர்கள் கேட்கலாம். மனுப் போட்டவன் மறுநாளே வாயிலில் நின்றுவிட முடியாது. அவனை நேரில் பார்த்துப் பேச வேண்டும். பூர்வோத்தரம் விசாரிக்க வேண்டும். பயிற்சி கொடுத்து, லைசென்ஸும் அடையாளச் சீட்டும் உடுப்பும் தர வேண்டும். கடைசியாக, எந்த நாள், எந்த மணிக்கு, எந்த வாயிலில் என்று சொல்ல வேண்டும். இந்தக் கடைசிக் காரியத்தில்தான் வண்டி குடை சாய்ந்தது. பயிற்சி முடிந்த பலர் வீட்டில் உட்கார்ந்து தகவலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே ஒரு தர்ம சங்கடம் இருக்கிறது. சில வாரத்து வேலைக்கு ஆளை மாசியிலேயே அமர்த்தினால், ஆடி வரை சம்பளமில்லாமல் அவன் ஏன் காத்திருக்கிறான்? வேறு வேலை கிடைத்ததும் போய்விடுவான். அவன் வீட்டு அடுப்பு அதுவரை எரியாமல் இருக்குமா? சரி, கடைசி நிமிஷத்தில் எடுக்கலாம் என்றால், பதினாயிரம் பேரின் சோதனையும் பயிற்சியும் ஒரே வாயிலில் நெருக்கியடித்துக்கொண்டு வந்து நிற்கின்றன. காத்திருக்கும் காலத்துக்குக் கொஞ்சம் படி கொடுத்திருந்தால் பலர் நின்றிருப்பார்கள் என்பது நம் அபிப்பிராயம்.

பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் கம்பெனி கையை விரித்தது. சர்க்கார் 3,500 போர்வீரர்களை மேலும் அழைத்தது. அவர்களில் ஆப்கானிஸ்தானத்திலிருந்து திரும்பி, விடுமுறையில் குழந்தை குட்டிகளோடு இருக்க எண்ணியவர்களும் உண்டு. பின்னர் இன்னும் 1,200 பேர். ஆக, பட்டாளத்தார் மொத்தம் 18,200! ஸால்ஃபோர்டில் ஆட்டக்காரர்கள் தங்கியிருந்த ஒரு ஹோட்டலைக் காக்க 56 பேரை எதிர்பார்த்த இடத்தில் 17 பேரே வந்ததால், போலீஸார் போய் நின்றார்கள்.

ஜூலை 17-ந் தேதி கம்பெனியின் தலைவர் நிக் பக்கிள்ஸ் பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் நின்றார். இது வெட்கக்கேடான குளறுபடி என்று ஓர் அங்கத்தினர் சொன்னதை அவரால் மறுக்க முடியவில்லை. ஆயினும், நிர்வாகக் கட்டணமான 5 கோடியே 70 லட்சம் பவுனை மட்டும் கேட்கத்தான் போகிறோம் என்றார். என்ன நெஞ்சழுத்தம்! முடிவில் கம்பெனிக்குச் சுமார் 7 கோடி பவுன் நஷ்டம்.

2010-ல் டில்லியில் காமன்வெல்த் பந்தயங்கள் நடக்கவிருந்தபோது நடைபாலம் விழுந்ததையும் விடுதி அசுத்தத்தையும் குறித்து லண்டன் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. எழுதியதில் உண்மை இருந்தது, நாமும் தலைகுனிந்தோம். ஒழுங்கும் நிர்வாகமும் தங்கள் குலதனம் என்று நமக்கு இருநூறு வருஷம் பாடம் நடத்தியவர்களின் தலைநகரில் இரண்டே வருஷத்தில் இப்படி நடந்தது என்றால், நாம் சற்றே புன்னகை செய்வதில் பாவமில்லை.

விசித்திரம் என்னவென்றால், அதே பந்தயத்துக்குச் சம்பளமில்லாத தொண்டர்கள் 70,000 பேர் ஒழுங்காக வந்து, ஊதா உடுப்பணிந்து, வழிகாட்டி, புகழும் பெற்றார்கள். மனுப் போட்ட 2,40,000 பேரிலிருந்து அவர்களைப் பொறுக்கும் வேலை வெகு முன்னதாகவே தொடங்கிவிட்டது. அதோடு, அவர்களுக்கு வேறு ஜீவனம் இருந்தது. காவலாளிக்கு இதுவே ஜீவனம்.

இப்படி அழைத்தபோது மட்டும் வேலை தரும் ஏற்பாட்டுக்கு இங்கிலாந்தில் ‘பூஜ்ய மணி ஒப்பந்தம்’ என்று பெயர். வேலை தருவதாக முதலாளி வாக்குக் கொடுப்பதில்லை. ஆனால் வேறிடத்தில் வேலை செய்யக் கூடாது என்றும் சிலர் கட்டுப்படுத்தி வந்தார்கள்! அந்த அநியாய நிபந்தனை செல்லாது என்று 2015-ல் சட்டம் வந்தது.

ஆள் பஞ்சத்தின் அபாயம் வேறொரு நாளில் வெளிப்பட்டது. 2021 ஜூலை 11-ந் தேதி வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்துக்கும் இத்தாலிக்கும் ஐரோப்பியக் கால்பந்து இறுதி ஆட்டம். கொள்ளைநோய்க் காலத்தில் மைதானங்கள் மூடிக் கிடந்தபோது பழகிய வாயிற்காப்போர் பலர் வேறு பிழைப்புத் தேடிப் போய்விட்டார்கள். அன்று நின்றவர்களில் பலர் அனுபவமற்றவர்கள். போலீஸ் ஏற்பாட்டிலும் குறையிருந்தது. டிக்கெட் இல்லாத சுமார் 2,000 பேர் கதவுகளை உடைத்தும் ஊனமுற்றோருக்கான வாயிலில் முண்டியடித்தும் உள்ளே புகுந்தார்கள். உயிர்ச்சேதம் மயிரிழையில் தப்பியது என்று விசாரணை நடத்திய லூயிஸ் கேஸி சீமாட்டி அவ்வருஷ டிஸம்பரில் அறிக்கை எழுதினார்.

வெளியே இன்னும் 6,000 பேர் வரை காத்திருந்தார்களாம். இங்கிலாந்து ஜயித்து, ஜனங்கள் வெளிவரக் கதவுகள் திறந்ததும் உள்ளே பாய்வது அவர்கள் எண்ணம். இங்கிலாந்தின் கடைசிப் பெனால்டியை இத்தாலியக் கோல்காப்பாளர் தடுத்துவிட்டார். காத்திருந்த கூட்டம் கலைந்து வீடு போய்ச் சேர்ந்தது.