பில்லில் ஏறாத சாம்பார்

விலைப்பலகையில் இல்லாத அயிட்டங்கள் நம் ஓட்டல்களில் சில உண்டு. இரண்டே இட்லிக்கு மூன்றாம் முறை ஊற்றும் சாம்பார். பிள்ளை அழுதால் தட்டோரம் வந்து விழும் அரை வடை. பாட்டி காபி ஆற்றிக் குடிக்க, கேட்காமலே வரும் காலி டபரா.

மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் பக்கம் ஓர் ஓட்டல். நள்ளிரவு தாண்டிவிட்டது. கைக்குழந்தையோடு ஒரு பெண் கல்லாவருகே தயங்கி நிற்கிறார். சாப்பிட வரவில்லை, பால் புட்டிக்கு வெந்நீர் வேண்டும். வயதான சப்ளையர் ஒருவர் புட்டியை வாங்கி, கொதிநீரில் அலசி, நிரப்பி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துக் கொடுக்கிறார். “எவ்வளவுண்ணே?”

“வெந்நிக்கெல்லாம் காசா? போம்மா, பிள்ளை பசியில கத்துது.”

முதலாளியின் முகத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அளவுக்கு உரிமை இருந்தது.

இத்தனைக்கும் சப்ளையர்கள் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்கள். கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-ல்தான், கேரளத்தில் 2018-ல். கால் கடுக்க நிற்பவர்தான், உட்கார்ந்து சாப்பிடுபவரின் முகவாட்டத்தை முதலில் கவனிக்கிறார்.

அந்தக் கவனிப்புக்குத்தான் இப்போது இடம் சுருங்குகிறது. மேசையில் ஒட்டிய கியூஆர் கோடில் ஆர்டர், நேராகச் சமையலறைக்குப் போகும் சீட்டு, தலைக்கு மேல் கேமரா. சீட்டில் ஏறாத அரை வடை இரவுக் கணக்கில் இடிக்கும். பதில் சொல்ல வேண்டியவர் சப்ளையர். எதற்கு வம்பு என்று கையைக் கட்டிக்கொள்வார். பார்சலிலோ சாப்பிடுபவரின் முகத்தையே யாரும் பார்ப்பதில்லை. பை கட்டும்போதே சாம்பாரின் அளவு முடிவாகிவிடுகிறது.

கேமரா இல்லாவிட்டால் பாதிச் சரக்கு பின்வாசல் வழியாகப் போய்விடும் என்கிறார்கள் முதலாளிகள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் வடையை எடுத்தவரும் வடையைக் கொடுத்தவரும் கேமராவில் ஒரே மாதிரிதான் தெரிகிறார்கள்.

அழுகும் காய்கறிக்கும் உடையும் கண்ணாடி டம்ளருக்கும் கணக்கில் இடம் ஒதுக்குகிறவர்கள், சப்ளையர் தன் கையால் கொடுக்கவும் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒரு வரி ஒதுக்கலாம். யாருக்குக் கொடுத்தாய் என்று மட்டும் கேட்கக் கூடாது.