ஒரு கூரை, இரு விளைச்சல்

கூரை என்பது வெயிலையும் மழையையும் தடுக்கும் மறைப்பு என்றே நாம் நெடுங்காலம் எண்ணி வந்தோம். இன்றோ அக்கூரையின் ஓடே மின்சாரம் தருகிறது. ஒளியை மின்னாற்றலாக மாற்றும் சிலிக்கான் கலங்கள் பதிக்கப்பெற்ற இவ்வோடுகளைச் சூரிய ஓடுகள் என்கிறோம். ஆயின், மின்சாரத்தோடு இவை தரும் மற்றொரு செல்வத்தை நாம் பெரும்பாலும் காற்றில் விட்டுவிடுகிறோம். அதுவே வெப்பம்.

1954-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவர் உருவாக்கிய சிலிக்கான் கலம், தன்மீது விழுந்த ஒளியாற்றலில் சுமார் 6 விழுக்காட்டையே மின்னாற்றலாக்கியது. இன்றைய நல்ல பலகைகள் 20 விழுக்காட்டைக் கடந்துள்ளன. எஞ்சிய பகுதி என்னவாகிறது? சிறிதளவு எதிரொளிக்கப்படுகிறது, பெரும்பகுதி வெப்பமாகிறது. சிலிக்கானில் எலக்ட்ரானை விடுவிக்க ஒளித்துகளுக்குக் குறிப்பிட்ட அளவு ஆற்றல் வேண்டும். அவ்வளவு இல்லாத துகளால் மின்சாரம் பிறப்பதில்லை. மிகுதியாகக் கொண்ட துகளோ அம்மிகுதியை வெப்பமாக இழக்கிறது.

இவ்வெப்பம் வீணாவதோடு நில்லாமல் கேடும் செய்கிறது. சிலிக்கான் கலத்தின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயருந்தோறும் மின் உற்பத்தி சுமார் 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை குறைகிறது. 25 பாகையில் 100 வாட் தரும் கலம், 65 பாகையில் 84 முதல் 88 வாட் வரையே தரும். சட்டத்தின் மேல் உயர்த்திப் பொருத்திய பலகையின் அடியில் காற்று உலவும். கூரையோடு ஒட்டிக் கிடக்கும் ஓட்டிற்கோ அவ்வாய்ப்புக் குறைவு. ஆகவே வெப்பத்தை அகற்றும் தேவை ஓட்டிற்கே மிகுதி.

ஓட்டின் அடியில் காற்றையோ நீரையோ செலுத்தினால் கலம் குளிரும். வெப்பமும் கைக்கு வரும். 1973-ஆம் ஆண்டிலேயே டெலவேர் பல்கலைக்கழகத்தில் கார்ல் போயர் என்னும் அறிஞரின் தலைமையில் எழுந்த ‘சோலார் ஒன்’ என்ற இல்லம் இதனைச் செய்து காட்டியது. கூரையில் அமைந்த கலங்கள் மின்சாரம் தந்தன. அவற்றின் அடியில் சூடேறிய காற்று இல்லத்தின் வெப்பத் தேவைக்குப் பயன்பட்டது.

எனினும் இங்கே ஓர் இக்கட்டு உண்டு. நீரை மிகச் சூடாகப் பெற விரும்பினால் கலமும் சூடாகவே இருத்தல் வேண்டும்; மின்சாரம் குறையும். கலத்தைக் குளிர்வித்தால் நீர் வெதுவெதுப்பாகவே கிடைக்கும். இரண்டையும் உச்ச அளவில் பெறுதல் இயலாது. எனவே வெதுவெதுப்பே போதுமான பணிகளுக்கு, அதாவது நீச்சல் குளத்திற்கும், கொதிகலனுக்குச் செல்லும் நீரை முன்னதாகச் சூடாக்குவதற்கும், குளிர்நாடுகளில் வெப்பப் பம்புகளுக்கு ஊட்டம் தருவதற்கும் இம்முறை பெரிதும் ஏற்றது.

மேலும், குழாய்களும் காற்று வழிகளும் ஓட்டின் அடியில் அமைவன. கூரை வேய்ந்த பின் அவற்றைச் சேர்ப்பது எளிதன்று. வீட்டின் வரைபடம் தீட்டும் நாளிலேயே வெப்பத்திற்கும் வழி வகுத்தால், ஒரே கூரையில் இரு விளைச்சல் காண்போம்.