உப்பளத்து வெளிச்சமும் இளையராஜாவின் பெண்களும்

"போட்டோ மாதிரியே இருக்கே!" ஓவியர் இளையராஜாவின் படத்தை முதன்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறார்கள். (இசைஞானி அல்ல, இவர் கும்பகோணத்துப் பக்கத்துக்காரர்.) ஓவிய வட்டாரத்தில் இதையே குறையாகச் சொல்வார்கள். இரண்டு தரப்பும் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் கட்சி. சன்னலோரம் நிற்கும் கறுத்த பெண்ணைக் கேமராவில் எடுத்துப் பாருங்கள். ஒன்று நெற்றி வெளுத்துப்போகும், இல்லாவிட்டால் கழுத்துக்குக் கீழே எல்லாம் இருண்டுவிடும். இளையராஜாவின் பெண்களுக்கு நிழலுக்குள்ளும் நிறம் உண்டு. தாடைக்கு அடியில் தாவணியின் சிவப்பு ஏறியிருக்கும். கன்னத்தின் ஓரத்தில் வானத்தின் நீலம் மெல்லப் படிந்திருக்கும். கறுப்பு என்பது ஒரே டியூபிலிருந்து பிதுக்கி எடுக்கும் நிறமல்ல என்று தெரிந்த கை அது.

1979-இல் கும்பகோணம் அருகே செம்பியவரம்பலில் பிறந்தவர். அக்காக்களும் அண்ணிகளும் அவர்கள் பிள்ளைகளுமாக நிறைந்த பெரிய குடும்பம். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் இளங்கலை, சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் முதுகலை. பிறகு சென்னை வாசம். படிப்பு விவரம் இவ்வளவு போதும். அவரை உருவாக்கியது அந்த வீடுதான் என்று படங்களே சொல்கின்றன: நிலைப்படியில் சாய்ந்து நிற்கும் பெண், திண்ணையில் பாவாடையைப் பரத்தி உட்கார்ந்த சிறுமி, அடுக்களைப் பித்தளை, எண்ணெய் ஏறிய மரத்தூண். ஊரார் 'போஸ்' கொடுக்கும் முகங்கள் அல்ல அவை. வீட்டுக்குள் சின்னத் தம்பி ஒருவன் உட்கார்ந்திருந்தால் யாரும் பொருட்படுத்த மாட்டார்களே, அப்படிப் பார்க்கப்பட்ட முகங்கள்.

நம் வீட்டுச் சுவரில் இதற்குமுன் தொங்கிய பெண்கள் யார்? ரவிவர்மா 1894-இல் பம்பாய்ப் பக்கம் அச்சகம் தொடங்கிய பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் வீடுதோறும் வந்தார்கள். அடுத்து கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் காலண்டர் நிறையத் தெய்வங்களை அனுப்பினார்கள். எல்லாம் சிவந்த மேனி. அந்தத் தெய்வங்களுக்குத் தந்த பொறுமையை, ஒரு சுருக்கத்துக்கு ஒரு நாள் என்று உட்காரும் பொறுமையை, இளையராஜா பக்கத்துவீட்டுக் கறுத்த பெண்ணுக்குக் கொடுத்தார். 'திராவிடப் பெண்கள்' என்றே அந்த வரிசைக்குப் பெயர் நின்றுவிட்டது.

சென்னை ஓவியர்கள் நெடுங்காலம் கோட்டுக்குப் பெயர்போனவர்கள். ஓவியர் பணிக்கர் வழிகாட்ட, 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமம் எழுந்த காலத்திலேயே உள்ளது உள்ளபடி வரைவது பழைய சரக்காகிவிட்டது. கேலரிக்காரர்கள் எப்படிப் பார்த்தாலும், பொதுசனம் இளையராஜாவைப் பத்திரிகையில் சந்தித்தது. சில்பியின் கோயில் சிற்பங்களையும் கோபுலுவின் கோடுகளையும் வளர்த்த அதே ஆனந்த விகடன் பக்கங்களில் இவர் படங்களும் வந்தன. அங்கிருந்து வாட்ஸ்அப்புக்குப் போயின, கையெழுத்து வெட்டப்பட்டு. யார் வரைந்தது என்று தெரியாமலே லட்சம் பேர் பார்த்த ஓவியர் ஆனார்.

சரி, பெருமுக்கலிலிருந்து பார்த்தால் எனக்கு ஒரு குறை உண்டு. திண்டிவனம்–மரக்காணம் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். கிழக்கே கொஞ்ச தூரம் போனால் உப்பளம். இந்தப் பக்கத்துப் பெண்கள் இருள் பிரியுமுன்னே எழுந்து பாத்தியில் இறங்குகிறார்கள். தலையில் சும்மாடு, அதன்மேல் உப்புக்கூடை, உப்பில் வெடித்த பாதம். தை, மாசியில் தொடங்கினால் ஐப்பசி மழை வரும்வரை இதுதான் பிழைப்பு. இவர்களும் அதே நிறம், அதே முகவெட்டு. ஆனால் இளையராஜாவின் பெண்கள் பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் களைப்பு உண்டு, கூலி வேலையின் களைப்பு அரிது. ஓட்டு வீடும் மரத்தூணும் அழிந்துகொண்டிருந்த காலத்தில் அவற்றை வரைந்தார். அந்தப் படங்களில் பிளாஸ்டிக் குடம் இல்லை, டிவி இல்லை. அந்த ஏக்கம் சில படங்களில் கொஞ்சம் அளவு மீறி இனிக்கிறது. சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பதற்குச் சமூகக் காரணம் தேடுவதற்கு முன்னால் தூரிகைக்காரனின் காரணம் ஒன்று இருக்கிறது. அவருடைய ஓவியம் முழுக்க ஒரு பக்கத்து வெளிச்சத்தில் நிற்கிறது. கதவு, சன்னல், முற்றம்: ஒரு திறப்பு வழியே ஒளி வரும், மற்ற இடம் இருட்டு, நடுவில் முகம். உப்பளத்தில் ஒளி மேலிருந்தும் வருகிறது. பாத்தித் தண்ணீரிலும் குவித்த வெள்ளை உப்பிலும் பட்டுக் கீழிருந்தும் அடிக்கிறது. கண் கூசும், வருடக்கணக்கில் அங்கே நிற்பவர்களுக்குப் பார்வையே கெடும். அந்த வெள்ளைக்கு எதிரே நிற்பவரின் முகம் தெரியாது, உருவம் மட்டும் கறுப்பாக நிற்கும். சாயை படரவேண்டிய மூக்கின் அடியும் புருவத்தின் அடியும்தான் அங்கே ஒளிரும். எண்ணெய் வண்ணத்தில் அதைப் பிடிக்க, கற்ற வித்தையைப் பாதி மறக்கவேண்டியிருக்கும்.

இந்த மாவட்டத்தின் பழைய ஓவியர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் கீழ்வாலைப் பாறையில் செங்காவியால் வரைந்திருக்கிறார்கள்: விலங்கின்மேல் ஒருவர், அதைக் கயிறு பிடித்து இழுத்துப் போகிறவர் ஒருவர், பறவை முகம் மாட்டியதுபோல உருவங்கள். எங்கள் பெருமுக்கல் மலைக் குகையிலோ வண்ணமே இல்லை, பாறையில் வெட்டிய கீறல்கள்தான். மூக்கு இல்லை, கண் இல்லை, தோல் நிறம் இல்லை. ஆனாலும் கீழ்வாலையில் யார் முன்னே நடக்கிறார், யார் பின்னே வருகிறார் என்பது தெரிகிறது. உடம்பின் வேலையைச் சொல்ல முகம் கட்டாயம் இல்லை என்று தெரிந்தவர்கள். 1959-இல் மெரினாவில் நிறுவப்பட்ட ராய் சவுத்ரியின் உழைப்பாளர் சிலையிலும் நாம் நினைவில் வைத்திருப்பது யாருடைய முகத்தையும் அல்ல, பாறையை நெம்பும் முதுகுகளைத்தான்.

இளையராஜா உழைக்கும் உடம்புகளின் பக்கம் திரும்பியிருப்பாரா? சென்னை ஓவியர் ஆதிமூலம் 1960களின் கடைசியில் கோட்டோவியத்தில் காந்தியை வரைந்து பெயர் வாங்கியவர். பின்னாளில் கோட்டையும் உருவத்தையும் விட்டு வெறும் வண்ணத்துக்குப் போனார். ஓவியர்களிடம் அப்படித் திருப்பங்கள் நடு வயதுக்கு மேல்தான் வருவது வழக்கம். இளையராஜாவுக்கு அந்த வயது கிடைக்கவில்லை. 2021 ஜூன் மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில், சென்னையில் இறந்தார்.