கால் வீக்கமா? நீவிவிடும் முன் நினையுங்கள்!

பிரசவமாகிப் பத்து நாள் ஆன மகளின் ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது, கெண்டைக்கால் வலிக்கிறது. "நரம்பு பிசகியிருக்கும்" என்று கூறி, வீட்டுப் பெரியவர்கள் எண்ணெய் தேய்த்து நீவிவிடுகின்றனர். நம் இல்லங்களில் இது வழக்கந்தான். ஆனால், அந்த வீக்கத்துக்குக் காரணம் இரத்த உறைவாக இருக்குமானால், அன்போடு செய்யும் அக்கைவைத்தியமே உயிருக்கு ஆபத்தாகிவிடக் கூடும்.

இரண்டாவது இதயம்

காலில் புடைத்துத் தெரிவதை நாம் 'நரம்பு' என்கிறோம். உண்மையில் அது சிரை என்னும் இரத்தக் குழாய். இதயம் அனுப்பும் இரத்தம் தமனிகள் வழியே பாதம்வரை இறங்குகிறது. சிரைகள் வழியே மேலேறித் திரும்புகிறது. அது கீழே வழிந்துவிடாமல் தடுக்க, சிரைகளுக்குள் ஒருவழிக் கதவுகள் போன்ற வால்வுகளை இறைவன் அமைத்துள்ளான். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. எனவேதான் அத்தசையை 'இரண்டாவது இதயம்' என்கின்றனர் மருத்துவர்கள்.

வால்வுகள் பழுதடைந்தால், தோலுக்கடியில் உள்ள சிரைகள் சுருண்டு புடைக்கின்றன. கவனியாது விட்டால் கணுக்காலருகே ஆறாப் புண் தோன்றலாம். இதனினும் கொடியது, ஆழத்திலுள்ள சிரையில் இரத்தம் கட்டியாக உறைவது. அக்கட்டி பெயர்ந்தால் இதயத்தின் வலப்புறம் சென்று, அங்கிருந்து நுரையீரலுக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். வலப்புற இரத்தம் நுரையீரலைக் கடந்தே இடப்புறம் சேர்கிறது என்னும் உண்மையை 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர், டமாஸ்கஸில் கற்றுக் கெய்ரோவில் பணியாற்றிய இப்னுந் நஃபீஸ் என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்கது.

எப்போது உறைகிறது?

இரத்த ஓட்டம் தேங்குதல், குழாயின் சுவர் காயப்படுதல், உறையும் தன்மை மிகுதல் ஆகிய மூன்றையும் காரணங்களாகக் கூறுவர். அறுவைச் சிகிச்சைக்குப் பின் படுத்திருப்போர், புற்றுநோயாளிகள், மிகுந்த உடற்பருமன் உள்ளோர், குடும்பத்தில் இந்நோய் கண்டோர் ஆகியோர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

நம் குடும்பங்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பிரசவத்துக்குப் பிந்திய 6 வாரங்கள். கர்ப்ப காலத்தைவிட அப்போதுதான் உறைவு அபாயம் அதிகம். 'நாற்பது நாள்' ஓய்வு தேவையே. ஆனால் ஓய்வென்பது படுத்தே கிடப்பதன்று. தாய் வீட்டுக்குள் நடக்கட்டும். பத்தியம் என்று கூறித் தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

இரண்டாவது, ஹஜ், உம்ரா முதலிய நெடும்பயணங்கள். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாது அமர்ந்திருந்தால் அபாயம் கூடுகிறது. இடையிடையே எழுந்து நடந்து, பாதங்களை மேலும் கீழும் அசைத்து, போதிய நீர் அருந்துங்கள். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரைகள் சில, இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டக்கூடியவை. சகோதரிகள் அவற்றை மருத்துவரைக் கேளாமல் உண்ண வேண்டாம்.

அறிகுறியும் சிகிச்சையும்

ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு, நிறமாற்றம் கண்டால், நீவாமல் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். டாப்ளர் ஸ்கேன் வலியின்றி நோயைக் காட்டிவிடும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சிழுக்கும்போது நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், மயக்கம் ஆகியவை கட்டி நுரையீரலை எட்டியதன் அடையாளங்களாகலாம். அப்போது ஒரு நொடியும் தாமதியாது 108-ஐ அழையுங்கள்.

இரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் மருந்துகளே முதன்மைச் சிகிச்சை. பொதுவாகக் குறைந்தது 3 மாதங்கள் உட்கொள்ள நேரும். ஹெப்பாரின் ஊசி மருந்து பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவதால் நம்மவர் சிலர் தயங்குகின்றனர். ஃபோண்டாபாரினக்ஸ் போன்ற செயற்கை மருந்துகளும், சிலருக்கு மாத்திரைகளும் மாற்றாக உள்ளன, மருத்துவரிடம் கேளுங்கள். மாற்று பொருந்தாவிடில் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் மார்க்கம் சலுகை அளித்தே உள்ளது.

ரமளானில் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மாத்திரை நேரத்தை நீங்களாகவே மாற்றாதீர்கள். நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் அட்டவணை பெற்றுக்கொள்ளுங்கள். வலி தீர்ந்துவிட்டதே என்று மருந்தை இடையில் நிறுத்துவதும் ஆகாது.

உடல் இறைவன் தந்த அமானிதம். தினமும் சிறிது நடப்பதும், ஒரு கால் வீக்கத்தை அலட்சியம் செய்யாதிருப்பதும் அந்த அமானிதத்தைப் பேணுவதில் அடங்கும்.