சுற்றுலாவில் பார்த்த வீடும் நம் வீடும்

விடுமுறையில் வெளியூர் சென்று திரும்புகிறீர்கள். வீட்டில் அப்பா கொத்தனாருடன் பேசிக்கொண்டிருக்கிறார். பழைய வீட்டைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். "அங்கே பார்த்த மாளிகையைப் போல நம் வீட்டையும் மாற்றலாமே!" என்று உங்களுக்குத் தோன்றும். நல்ல யோசனைதான். ஆனால், பார்த்த இடத்திலிருந்து எதை எடுத்து வருவது? அதன் தோற்றத்தையா, தோற்றத்துக்குப் பின்னால் உள்ள காரணத்தையா?

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கு அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சென்றிருக்கிறீர்களா? அங்குள்ள மந்திரசாலை மின்விசிறி இல்லாத காலத்தில் கட்டியது. அதன் பக்கங்களில் மரச் சட்டங்களைச் சாய்வாக, இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறார்கள். ஏன் தெரியுமா? தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகளையும் பெறும் பகுதி அது. ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது; ஆகவே காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சாய்ந்த சட்டங்கள் காற்றை உள்ளே விடும். மழைச் சாரலையும் கண் கூசும் வெயிலையும் தடுக்கும்.

இனி, மழை குறைவான செட்டிநாட்டுக்குச் செல்வோம். அங்கே சுவர்கள் கனமானவை, கூரை உயரமானது, வீட்டின் நடுவே வானம் தெரியும் முற்றம். கனத்த சுவர் மெதுவாகத்தான் சூடேறும். பகல் வெப்பம் அதைக் கடந்து அறைக்குள் வருவதற்குள் மாலையாகிவிடும். சூடான காற்று அடர்த்தி குறைந்து மேலெழுந்து, முற்றத்தின் வழியே வெளியேறும். அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று வரும்.

பார்த்தீர்களா! ஊர் மாறினால் விடையும் மாறுகிறது.

இதை மறந்தால் என்ன ஆகும்? குளிர்நாட்டுக் கட்டடங்களில் பெரிய கண்ணாடி முகப்புகளைப் பார்க்கிறோம். கண்ணாடி வழியே வெயில் உள்ளே வரும். அதனால் சூடேறிய தரையும் மேசையும் அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடும். அவற்றைக் கண்ணாடி எளிதில் வெளியே விடாது; வெப்பம் உள்ளேயே தங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறியவர்களுக்கு இது புரியும். குளிரில் நடுங்குபவர்களுக்கு அது உதவி. மேற்கு வெயில் அடிக்கும் மதுரை வீட்டுக்கோ அது உபத்திரவம். கடன் வாங்கிக் கட்டிய முகப்பை மறு ஆண்டே இடிக்க முடியுமா?

ஒரு சிறு சோதனை செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, பிற்பகலில் அறையின் நடுவே ஓர் ஊதுவத்தியை ஏற்றுங்கள். திரைச்சீலை அருகில் வேண்டாம். புகை எங்கே போகிறது? கூரையடியிலேயே தேங்கி நின்றால், சூடான காற்றுக்கும் வெளியேற வழியில்லை என்று பொருள். சிறிய வீட்டில் முற்றம் அமைக்க இயலாது. ஆனால் சுவரின் உச்சியில் ஒரு வென்டிலேட்டர் வைக்கலாமே! முற்றம் செய்யும் வேலையில் ஒரு பங்கை அது செய்யும். பூச்சு வேலை தொடங்கும் முன்பே இதை அப்பாவிடம் சொல்லுங்கள்.

அடுத்த சுற்றுலாவுக்கு ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அழகான ஜன்னலைப் பார்த்தால் படம் வரையுங்கள். அதன் கீழே "இது ஏன் இப்படி?" என்று ஒரு வரி எழுத மறவாதீர்கள்.