நகரி மூக்கைப் பார்த்திருக்கிறீர்களா?

மலை பார்க்கவேண்டும் என்று ஆசை வந்துவிட்டால் சென்னைவாசிகள் உடனே ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ டிக்கெட் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்வாசிகளான நீங்கள் அத்தனை தூரம் போகவேண்டியதே இல்லை. உங்களுக்கென்றே ஒரு மலை இருக்கிறது. அதற்கு ஒரு மூக்கும் இருக்கிறது!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தமிழ்நாடும் ஆந்திரமும் சந்திக்கும் எல்லையில் காடு மூடிய குன்றுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒரு சிகரம், யாரோ ஒரு பூதம் மல்லாந்து படுத்து ஆகாயத்தைப் பார்ப்பதுபோல் மூக்கைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. வெள்ளைக்காரக் கப்பல் மாலுமிகள் அதற்கு ‘நகரி நோஸ்’ என்று பெயர் வைத்தார்கள். நாம் நகரி மூக்கு என்போம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,800 அடி உயரம். ராயபுரத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 50 மைல்.

மாலுமிக்கு வழிகாட்டி

மலைக்கும் மாலுமிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? சென்னைக் கரையைக் கடலிலிருந்து பார்த்தால் விஷயம் புரியும். கரை தட்டையானது. பரங்கிமலை மாதிரி ஒன்றிரண்டு சிறு குன்றுகளை விட்டால் அடையாளம் சொல்ல ஒன்றுமில்லை. தென்னை மரமும் பனை மரமும் கண்ணில் படுவதற்குள் கப்பல் கரைக்கு மிகவும் நெருங்கிவிடும். வடக்கே பழவேற்காட்டுக்கு எதிரே கடலுக்குள் மணல் திட்டுகள் வேறு. அந்த நாளில் சென்னைக்குத் துறைமுகமும் கிடையாது. அலைக்கு வெளியே திறந்த கடலில் நங்கூரம் போட்டுவிட்டு, மசூலாப் படகில் ஆளையும் சாமானையும் இறக்குவார்கள். துறைமுகம் கட்டும் வேலை 1875-ல்தான் ஆரம்பமாயிற்று. 1881-ல் அடித்த புயல் அதிலும் பெரும் பகுதியைக் கொண்டுபோயிற்று.

அப்படிப்பட்ட கரையை நோக்கி வரும் மாலுமிக்கு, கரை தெரிவதற்கு முன்பே மேற்கு வானத்தில் மூக்கு தெரியுமானால் எத்தனை தைரியம்! பூமி உருண்டையாக இருப்பதால் தாழ்ந்த கரை மறைந்துபோகிறது. உயர்ந்த மலை தலையைக் காட்டுகிறது. 2,800 அடி உயரமுள்ள சிகரம் கணக்குப்படி 65 மைல் தூரம் வரையில் தெரியவேண்டும். கப்பலின் மேல்தளத்தில் நிற்பவனுக்கு இன்னும் சில மைல் கூடும். மூக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று திசைகாட்டியில் பார்த்துக்கொண்டால், சென்னைக்கு வடக்கே இருக்கிறோமா தெற்கே இருக்கிறோமா என்று நிச்சயித்துவிடலாம்.

மாலுமி செய்த காரியத்தை நீங்களும் செய்து பார்க்கலாம். மழை பெய்து வானம் கழுவிவிட்ட மறுநாள், சூரியன் மலைவாயில் விழும் நேரத்தில், உயரமான மாடி ஒன்றில் ஏறி மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே தள்ளிப் பாருங்கள். ஆனி மாதத்தில் சூரியன் அஸ்தமிப்பதும் ஏறத்தாழ அந்தத் திக்கில்தான். ஆனால் ஒன்று: நடுவில் தூசியும் புகையும் இருந்தால் மூக்காவது, முழியாவது! கடந்த எழுபது எண்பது வருஷங்களில் எண்ணூர், மணலிப் பக்கம் ஆலைகளும் மின்நிலையங்களும் எழும்பின. அவை ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டன. கூடவே அடிவானத்துக்கு ஒரு திரையும் போட்டன. மாலுமிகள் கண்ட மலை இடம் பெயர்ந்துவிடவில்லை. நாம்தான் அதைக் காணாமல் இருக்கிறோம்.

தணிகை மலையிலிருந்து

இங்கிருந்து தெரியாவிட்டால் போகிறது. கிட்டே போய்ப் பார்க்கலாம். அதற்கு முதல் படி திருத்தணிகை. அரக்கோணம் வழியாக ரயிலில் போய், முருகன் சந்நிதிக்கு 365 படிகள் ஏறித் தரிசனம் செய்துவிட்டு, வடக்குப் பக்கம் திரும்புங்கள். நகரி மலைகள் நீல நிறத்தில் மடிப்பு மடிப்பாக நிற்கும். மேலும் ஆசையிருந்தால் ரேணிகுண்டா போகும் ரயிலில் புத்தூர் வரை போய் வாருங்கள். ஜன்னல் ஓரத்து இடம் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

படியில் நின்று மூச்சு வாங்கும்போது ஒரு விஷயம் ஞாபகம் வரவேண்டும். நீங்கள் நிற்கும் மலை ஒரு காலத்தில் ஆந்திரத்தில் இருந்தது. 1953-ல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் மற்றும் பலரும் வடக்கெல்லைக்காகப் போராடினார்கள். கடைசியில் 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி நம்முடன் சேர்ந்தது. பதிலாகச் செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்த சத்தியவேடுப் பகுதி ஆந்திரத்துக்குப் போயிற்று. நகரி ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. கோடு மனிதர்கள் போட்டது. மலைக்கு அது தெரியாது. நகரி ஆறு எல்லை தாண்டி வந்து கொசஸ்தலை ஆற்றில் கலக்கிறது. கொசஸ்தலை பூண்டி ஏரியில் தங்கி, மிச்சத்தை எண்ணூர்க் கழிமுகத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆகவே எண்ணூரில் வலை வீசுகிறவருக்கும் நகரி மலை மழைக்கும் உறவு உண்டு.

கல் சொல்லும் கதை

மூக்கு ஏன் தேயவில்லை? அது குவார்ட்ஸைட் என்னும் மிகக் கெட்டியான பாறை. மண் இறுகி மணற்கல்லாகி, அது வெந்து இறுகியது. பூகர்ப்ப சாஸ்திரிகள் அந்தப் பாறை அடுக்குக்கே ‘நகரி குவார்ட்ஸைட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த ஜாதிக் கற்கள் உருண்டு திரண்ட கூழாங்கல் படிவங்கள்தான் பூண்டிக்கு அருகிலுள்ள அல்லிக்குழிக் குன்றுகள். அந்தக் கல்லைக் கொண்டு அத்திரம்பாக்கத்தில் ஆதி மனிதன் கைக்கோடரி செய்தான். 1863-ல் ராபர்ட் புரூஸ் பூட் அவற்றைக் கண்டெடுத்தார். அவற்றில் மிகப் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று சாந்தி பப்புவும் அவர் சகாக்களும் 2011-ல் வெளியிட்டார்கள்.

அந்தக் குன்றுகளுக்குள்தான் குடியம் குகை இருக்கிறது. முள் காட்டு வழியே நடந்து போனால் பெரிய கல் கூரை ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். குழந்தை குட்டிகளுடன் போகிறவர்களுக்கு இதுவே சிலாக்கியம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 மலைப் பாதைகளைத் திறந்தது. குடியமும் அவற்றில் ஒன்று. வழிகாட்டியும் உடன் வருவார்.

அருவியும் ஆபத்தும்

கொஞ்சம் கால் பலம் உள்ளவர்களை இழுப்பது நாகலாபுரம் மலைகளும், தடா அருவி என்று பேர்பெற்ற உப்பலமடுகும். திருவொற்றியூரில் சூலூர்ப்பேட்டை ரயிலைப் பிடித்தால் தடாவில் இறங்கலாம். மேற்கே தெரிவது கம்பாக்கம் மலை. மேலே ஏறுகிறவர்களுக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி வெள்ளித் தகடுபோல் மின்னும். அதற்கு அப்பால் ஒரு நீலக் கோடு. ஆம், நம்முடைய கடல்தான்! மாலுமி அங்கிருந்து மலையைத் தேடினான். நீங்கள் மலையிலிருந்து அவனுடைய பாதையைப் பார்க்கிறீர்கள்.

இந்த அழகுக்கு ஒரு கூலி உண்டு. இங்குள்ள மடுக்கள் பார்க்கச் சாதுவாக இருக்கும். இறங்கினால் ஆழம் தெரியாது. பாறை வழுக்கும். மலை மேல் மழை பெய்தால், கீழே வெயில் காயும்போதே வெள்ளம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை குதூகலமாகப் போன இளைஞர்களில் வீடு திரும்பாதவர்கள் உண்டு. கோடையில் நெருப்பு பயம். 2018 மார்ச் 11-ம் தேதி தேனி ஜில்லா குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டதை மறக்க முடியுமா? அவர்களில் பலர் சென்னையிலிருந்து போனவர்கள்.

ஆகையால் சில வார்த்தைகள். இவை காப்புக் காடுகள். எந்த ராஜ்யத்துப் பக்கம் ஏறுகிறீர்களோ அந்த ராஜ்யத்து வனத்துறையின் அனுமதி வேண்டும். தை, மாசி மாதங்கள் ஏற்றவை. தனியாகப் போகாதீர்கள். நீந்தத் தெரிந்தவரும் தெரியாத மடுவில் குதிக்கவேண்டாம். சூரியன் சாய்வதற்குள் அடிவாரத்துக்கு வந்துவிடுங்கள். தீப்பெட்டியையும் பாட்டிலையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இவ்வளவும் எதற்கு, பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடலாமே என்று தோன்றுகிறதா? வேண்டாம்! கிரேன்களையும் புகைபோக்கிகளையுமே பார்த்து வளரும் நம் குழந்தைகளுக்கு, அடிவானத்துக்கு அப்பால் ஒரு மலை காத்திருக்கிறது என்று சொல்லிக் கொடுக்கவேண்டாமா? வருகிற மழைக்கு மறுநாள் மாலை அவர்களை மாடிக்கு அழைத்துப்போய் மேற்கே கையை நீட்டிக் காட்டுங்கள். மூக்கு தெரிந்தால் அதிர்ஷ்டம். தெரியாவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருத்தணிக்கு டிக்கெட் வாங்கிவிடுங்கள்.