ஒரே இயந்திரம், இரண்டு கார்கள்

புனேயிலிருந்து அகில்யாநகர் செல்லும் சாலையில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ரஞ்சன்காவ். அஷ்டவிநாயகத் தலங்களுள் ஒன்றாகிய மகாகணபதி கோயிலால் பெயர்பெற்ற அவ்வூரில், இத்தாலியின் பியட் நிறுவனமும் நம் நாட்டு டாட்டா நிறுவனமும் கூட்டாக அமைத்த கார்த் தொழிற்சாலையும் இருக்கிறது.

விரைவுக் கார் ஒன்றை வாங்கி, நாள்தோறும் அலுவலகத்திற்கும் விடுமுறையில் சொந்த ஊருக்கும் ஓட்டலாமா என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். இவ்வாலையில் உருவான இரு கார்களை ஒப்பிட்டால் விடை கிடைக்கும். ஒன்று, 2010இல் வந்த லீனியா டி-ஜெட்; மற்றொன்று, 2015இல் வந்த அபார்த் புன்டோ. இரண்டிலும் இருப்பது 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல் இயந்திரமே. ஆயினும் முன்னதன் ஆற்றல் 114 குதிரைத்திறன். பின்னதன் ஆற்றல் 145.

டர்போ என்பது யாது? வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு சக்கரம் சுழன்று, இயந்திரத்தினுள் மிகுதியான காற்றைச் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும்; ஆற்றல் பெருகும். இயந்திரம் மெல்லச் சுழலும்போதோ புகையின் விசை குறைவு. ஆகவே ஆற்றல் சற்றுத் தாமதித்தே எழும். நெரிசலில் ஊர்ந்து செல்பவருக்கு இதனால் பயன் சிறிது. கம்பட்கி மலைப்பாதையில் ஏறுபவருக்கும், நெடுஞ்சாலையில் லாரியை முந்துபவருக்குமே அதன் அருமை விளங்கும்.

அடுத்து, தரைக்கும் காருக்கும் உள்ள இடைவெளி. வளைவுகளில் சாயாமல் விரைய வேண்டும் என்பதற்காக அபார்த் புன்டோவைத் தாழ்த்தி, ஸ்பிரிங்குகளையும் இறுக்கமாக அமைத்தனர். அதன் இடைவெளி 155 மில்லிமீட்டரே. நால்வர் ஏறிப் பெட்டிகளும் வைத்தால் அதுவும் குறையும். தெருவுக்குத் தெரு வேகத்தடை உள்ள நம் நகரங்களில், அடிப்பாகம் உராயுமோ என்ற அச்சம் நாள்தோறும் உடன்வரும்.

மூன்றாவது, பெட்டி வைக்கும் இடம். புன்டோவில் 280 லிட்டர். லீனியாவில் 500 லிட்டர். புனேயிலிருந்து சென்னை வரை 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கொல்காபூர், ஹூப்ளி, பெங்களூர், வேலூர் வழியாக 1,100 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. பொங்கலுக்கு முதிய பெற்றோருடனும் குழந்தைகளுடனும் அவ்வழியே செல்பவருக்கு, வேகத்தைவிட இடமும் இருக்கையின் இதமுமே பெரிது. குழியில் விழுந்தெழும் அதிர்ச்சியை ஓட்டுபவர் பொருட்படுத்தமாட்டார்; பின்னிருக்கையில் அமர்ந்த தாயின் முதுகு அதை உணரும்.

தனியராகவோ இருவராகவோ மலைச்சாலை இன்பத்தை நாடுவோருக்கு அபார்த் பொருந்தும். குடும்பத்தோடு செல்வோருக்கு லீனியாவே ஏற்றது. இரண்டும் இன்று புதிதாக விற்கப்படுவதில்லை. பழைய கார்களாகவே கிடைக்கும். ஆதலின் உதிரிப்பாகம் கிடைக்குமா, கைதேர்ந்த மெக்கானிக் அருகில் உள்ளாரா என்று முதலில் விசாரித்தல் நன்று.

எந்த விரைவுக் காராயினும், தனியே ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாகாது. வீட்டார் அனைவரையும் ஏற்றி, நம் தெரு வேகத்தடையின்மேல் ஒருமுறை ஓட்டிப் பார்த்தபின் பணம் கொடுப்பதே அறிவுடைமை.